புதுப்பிப்பு: படிவ விண்ணப்பங்கள் இப்போது டிரைவில் சேருகின்றன

போன வாரம் கேட்டிருந்தேன்: கூகுள் படிவத்தில் வரும் உதவித்தொகை விண்ணப்பங்கள் ஷீட்டில் ஏறுகின்றன, டிரைவ் ஃபோல்டரில் பிடிஎஃப்பாகச் சேரவில்லை என்று. தீர்ந்தது. தப்பு என்னுடையதுதான். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் (கூகுள் படிவம், ஷீட் போன்றவற்றுக்குச் சிறு நிரல் எழுதும் இடம்) பிடிஎஃப்பாகச் சேர்க்கும் ஃபங்ஷனை எழுதிவிட்டால் தானாக ஓடும் என்று நினைத்துவிட்டேன். இடப்பக்கம் கடிகாரப் படம் இருக்கிறதே, அதற்குள் போய், படிவம் சமர்ப்பிக்கும்போது ஓடும்படி டிரிக்கரை (நிரல் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) நாமே சேர்க்க வேண்டுமாம். சேர்த்தவரின் கணக்கில்தான் அது ஓடும்; அதனால் என் சொந்தக் கணக்கை விட்டு, சங்கத்தின் கணக்கில் நுழைந்து சேர்த்தேன்.

இன்னொன்று. ஒரே பெயரில் எத்தனை கோப்பு வந்தாலும் டிரைவ் வாங்கிக்கொள்ளும். மூன்று 'கார்த்திக்.பிடிஎஃப்' பார்த்துத் தலை சுற்றியது! இப்போது பெயருக்கு முன்னால் தேதி, நேரம் ஒட்டிவிடுகிறேன். நேற்றிரவு வந்த 11 விண்ணப்பங்களும் சரியாக விழுந்தன. பழையவற்றை ஞாயிற்றுக்கிழமை ஏற்ற வேண்டும்.