இங்கிலாந்து ஒயின் தோட்டங்களுக்குப் போனவர்கள், மனதில் நிற்கிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஆஷ்ஃபோர்டு சிவா:
டூர், டேஸ்டிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கென்டில் ஒரு சின்னத் தோட்டம், குளிர்காலம். தயாரிப்பவரே சுற்றிக் காட்டினார். எஃகுத் தொட்டியின் குழாயைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார். பாட்டிலுக்குள் இன்னும் போகாத, நுரை வராத ஷார்டனே, வெள்ளைத் திராட்சை ஒயின். எலுமிச்சையைத் தோலோடு கடித்த மாதிரி பல் கூசிவிட்டது. எங்கள் எல்லோருக்கும் முகம் சுளித்தது. அவர் மட்டும் கண்ணை மூடி, வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் சிரித்தபடி, "மூன்று வருஷம் கழித்து வாருங்கள்" என்றார். அந்தப் புளிப்பில் அவருக்கு என்னதான் தெரிந்தது?

ஹேரோ மீனா:
எனக்கு 2017 ஏப்ரல் கடைசி. சசெக்ஸில் ஒரு தோட்டத்தை ஒட்டிய அறையில் தங்கியிருந்தோம். பின்னிரவில் புகை வாசனை. ஜன்னல் திரையை விலக்கினால் சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் தீ! தகர டப்பாக்களில் மெழுகு ஊற்றி எரிக்கிறார்கள். துளிர் விட்ட நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த வருட விளைச்சல் போச்சு, தெரியும்தானே. இறங்கிப் போய் உதவி வேண்டுமா என்று கேட்டேன். நைட்டிக்கு மேல் கோட் போட்டிருந்த அந்த அம்மா என் கையில் டார்ச்சைக் கொடுத்து, "கம்பியில் தெர்மாமீட்டர் தொங்குகிறது, பார்த்துச் சொல்" என்றார். மைனஸ் மூன்று. சொன்னேன். அவர் பதிலே பேசாமல் அடுத்த டப்பாவைப் பற்றவைத்தார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. காலையில் நாங்கள் கிளம்பும்போது அவரைக் காணவில்லை. துளிர் தப்பியதா தெரியவில்லை.

லூயிஷம் பாபு:
சிவா சார், இதில் என்ன மர்மம்? ஸ்பார்க்ளிங், அதாவது நுரைக்கும் ஒயினுக்கு முதலே அந்தப் புளிப்புதான். இங்கே வெயில் குறைவு, பழத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும், அமிலம் சுலபத்தில் இறங்காது. பிறகு பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு மறுபடி நொதிக்கவிட்டு, அந்த வண்டலோடு வருடக்கணக்கில் படுக்க வைப்பார்கள். புளிப்பு இல்லாமல் போட்டால் சப்பென்று இருக்கும்.

என் சண்டை விலையோடுதான். ஒரு தோட்டத்துக் கவுன்டரில், "இந்தக் காசுக்கு ஷாம்பெய்னே வாங்கலாமே" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை, ஜன்னலைக் காட்டினார். வெளியே மழையில் நாலு பேர் குனிந்து கொடி கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். அதற்கென்ன, பிரான்ஸில் மழை பெய்யாதா?

கில்ட்ஃபோர்டு கணேஷ்:
பாபு, அந்த ஷாம்பெய்ன்காரர்களே இங்கே வந்துவிட்டார்கள். டெய்ட்டிங்கர் 2015இல் கென்டில் சில்லம் பக்கம் நிலம் வாங்கியது சும்மாவா? சசெக்ஸிலும் கென்டிலும் பல இடங்களில் ஷாம்பெய்ன் பகுதியில் இருக்கிற அதே சுண்ணாம்பு மண். சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பதைப் பற்றி கிறிஸ்டோபர் மெரட் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தது 1662இல். ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுகிற பிரெஞ்சுத் துறவி டாம் பெரின்யோன், அங்கே ஓவில்லே மடத்துக்குப் போய்ச் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான்.

என் கதை சின்னது. டோர்கிங் பக்கத்தில் இருக்கிற டென்பீஸ் தோட்டத்தில், சுற்றிக் காட்டுகிற அந்த பொம்மை ரயிலில் போகும்போது பக்கத்து சீட் தாத்தா, "இங்கே முன்பு பன்றியும் மாடும்தான்" என்றார், அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: டென்பீஸ் என்றால் காரை விடுங்கள், டோர்கிங் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். ஆறு சாம்பிள் என்றால் ஆறையும் விழுங்க வேண்டியதில்லை, துப்புவதற்கு ஜாடி வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் வெறும் குச்சிதான் தெரியும், ஜூன் முதல் அக்டோபருக்குள் போங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். பாக்கஸ் என்று ஒரு வெள்ளைத் திராட்சை ரகம், ஜெர்மனியில் உருவாக்கியது, இங்கே நன்றாக வருகிறது. வீட்டில் மீன் வறுத்தால் அந்த ஒயினைக் குளிர வைத்துக் குடியுங்கள், காரம் மட்டும் கொஞ்சம் குறையுங்கள். சின்னத் தோட்டமென்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போவதானால்...

செல்ம்ஸ்ஃபோர்டு வாணி:
கணேஷ் அண்ணா, யாரும் கேட்கவே இல்லையே!

எல்லோரும் நுரையிலேயே நிற்கிறீர்கள். எங்கள் எசெக்ஸ் க்ரவுச் பள்ளத்தாக்கு நாட்டிலேயே வறண்ட பக்கம், இங்கே நுரையில்லாத சிவப்பு ஒயினுக்கான பினோ நுவார் திராட்சையே பழுக்கிறது. அங்கே ஒரு டேஸ்டிங்கில் பக்கத்து மேசையில் ஒரு வயதான விவசாயி. அந்த நிலத்தில் அவர் அப்பா கோதுமை போட்டவராம். முதல் தடவையாகக் குடித்துப் பார்க்கிறார். மகள் ஆவலாக அவர் முகத்தையே பார்க்கிறாள். கிளாஸை வைத்துவிட்டு, "எங்கள் கோதுமையை இப்படி யாரும் மோந்து பார்த்ததில்லை" என்றார். பாராட்டா, வயிற்றெரிச்சலா, புரியவில்லை.

மீனாக்கா, அந்தத் தோட்டத்தின் பாட்டில்களில் 2017 விளைச்சல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கொஞ்சமாவது தப்பியது என்று அர்த்தம். அந்த வருடம் நிறையப் பேருக்கு அடி.

ஹேரோ மீனா:
இப்போதுதான் பார்த்தேன் வாணி. 2016 இருக்கிறது, 2018 இருக்கிறது.

லூயிஷம் பாபு:
2018 வாங்கிவிடுங்கள் அக்கா, வெயில் அள்ளிக் கொடுத்த வருடம். என்ன விலை போட்டிருக்கிறார்கள்?