அமானோ இறால் குஞ்சுகள் ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. கோத்தகிரிக் குளிர்தான் காரணமா?

தேயிலைத்தொட்டி:
வணக்கம். கோத்தகிரியில் இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறேன், ஊற்றுத் தண்ணீர்தான். சிவப்புச் செர்ரி இறால் அதில் கணக்கில்லாமல் பெருகிவிட்டது. பாசி தின்னட்டும் என்று கோவையிலிருந்து ஆறு அமானோ வாங்கி விட்டேன். இதுவரை மூன்று முறை முட்டை. தாய் ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றடியில் சுமந்து பொரிக்கிறது. தூசி மாதிரி நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கி மிதக்கும். நாலைந்து நாளில் ஒன்றுகூட இருக்காது. தொட்டியில் மீன் கிடையாது. ஹீட்டரும் இல்லை, விடியற்காலையில் தண்ணீர் 16 டிகிரி. குளிர்தானா?

குன்னூர்க்காரன்:
குளிர் இல்லை சகோ, கடல்தான் இல்லை. செர்ரிக் குஞ்சு முட்டையை விட்டு வரும்போதே சின்ன இறாலாகத்தான் வரும். அமானோ அப்படி இல்லை. ஜப்பான், தைவான் பக்கத்து ஆறுகளில் வாழ்வது. குஞ்சு ஆற்றோடு கடலுக்குப் போய், அங்கே உருமாறி, பிறகுதான் ஆறு ஏறி வரும். நல்ல தண்ணீரிலேயே விட்டால் சில நாள்தான்.

தேயிலைத்தொட்டி:
அது தெரிந்துதான் போன முறை கடைக் கல்லுப்பை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்தேன். குஞ்சோடு தாயையும் அதிலேயே விட்டேன். தாயும் போய்விட்டது.

மரக்காணத்து அக்கா:
தம்பி, தாயை ஏன் விட்டீர்கள்? பெரியது நல்ல தண்ணீர்ப் பிராணி. குஞ்சை மட்டும்தான் மாற்ற வேண்டும். இருட்டில் ஓரமாக டார்ச் அடித்தால் வெளிச்சத்துக்குக் கூடும், சிறு குழாயால் உறிஞ்சி எடுங்கள். பொரித்த இரண்டு மூன்று நாளுக்குள் மாற்றிவிடுங்கள்.

நான் வன்னாமி என்ற பண்ணை இறாலின் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். உப்புக் கரைத்த தண்ணீரெல்லாம் கடல் தண்ணீர் ஆகாது. பாத்தியில் உப்பு விளைந்ததும் மிஞ்சும் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். மக்னீசியம் பெரும்பாலும் அதோடு போய்விடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியம், 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. குஞ்சு அடுத்தடுத்துத் தோலுரித்துத்தான் வளரும். இவை இல்லாமல் புது ஓடு எப்படிக் கெட்டிப்படும்? கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பு வாங்குங்கள், 30 பிபிடி (ஆயிரத்தில் 30 பங்கு உப்பு) தாண்டி வைத்தால் போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், உப்புமானி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் சூடு. எங்கள் தொட்டிகள் 28 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் வன்னாமி பத்துப் பன்னிரண்டு நாளில் உருமாறிவிடும். உங்கள் அமானோவுக்கு 23–25 போதும், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் குளிர்ந்தால் நாள் நீளும், அதற்குள் பாதி செத்துவிடும். அதனால் நீங்கள் குளிரைச் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

குன்னூர்க்காரன்:
இன்னொன்று. நம் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். உப்பும் சூடும் ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் இன்னும் குறையும். குமிழைப் பொடியாக்கும் காற்றுக்கல் வேண்டாம், வெறும் காற்றுக் குழாயில் ஒவ்வொரு குமிழாக விடுங்கள்.

தேயிலைத்தொட்டி:
நன்றி அக்கா. தீவனம்? மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் பச்சையாக இருக்கிறது, அதை விடலாமா?

மரக்காணத்து அக்கா:
வேண்டாம். அது நல்ல தண்ணீர்ப் பாசி, உப்பில் செத்து அழுகும். நாங்கள் கீட்டோசெரோஸ் என்ற கடல் பாசியை வளர்த்துக் கொடுக்கிறோம். உங்களுக்குக் கடல் பாசி கிடைக்காவிட்டால் ஸ்பைருலினாப் பொடியைத் துணியில் கட்டிக் கசக்கி, தண்ணீர் லேசாகப் பச்சை தட்டும் அளவுக்கு மட்டும் விடுங்கள். மிதப்பதை விட்டு நேராக நின்று அடியில் ஊரத் தொடங்கினால் உருமாறிவிட்டது என்று அர்த்தம். உடனே நல்ல தண்ணீருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

தேயிலைத்தொட்டி:
அடுத்த வாரம் மாமா புதுச்சேரி போகிறார். இரண்டு கேன் நிஜக் கடல் தண்ணீரே கொண்டுவரச் சொல்லவா?

மரக்காணத்து அக்கா:
இப்போது வேண்டாம். கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரில் உப்பு இறங்கியிருக்கும். நாங்களே அளந்து பார்த்துத்தான் மோட்டார் போடுகிறோம். தை பிறக்கட்டும். அப்போதும் முகத்துவாரம் பக்கம் மொள்ள வேண்டாம். எண்ணெய்க் கேனில் பிடித்துவிடாதீர்கள் என்றும் மாமாவிடம் சொல்லிவையுங்கள்.