கலைச்சொல் தேவை: காயம் படாமல் தப்பியதை என்னவென்று எழுதுவது?

நித்திரவிளை, பயிற்சி ஆசிரியை:
தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் போட்டுகளுக்கான பாதுகாப்புப் படிவத்தைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இறப்பு, காயம் என்ற கட்டங்களில் சிக்கல் இல்லை. மூன்றாவதில்தான் நிற்கிறேன். கயிறு இழுக்கும் பொறியான விஞ்சில் சட்டை சிக்கிக் கிழிந்தது, கை மாட்டவில்லை; தெறித்து வந்த தூண்டில் முள் காதோரம் போனது. ஆங்கிலத்தில் 'நியர் மிஸ்' என்பார்கள். ஒரு பெருங்காயத்துக்கு 29 சிறுகாயங்களும் காயமே இல்லாத 300 நிகழ்வுகளும் இருப்பதாக 1931-இல் ஹைன்ரிக் என்ற அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர் கணக்குச் சொன்னார். அந்த விகிதத்தைப் பலர் இன்று ஏற்பதில்லை. ஆனாலும் கிழிந்த சட்டையை எழுதி வைத்தால்தான் விஞ்சுக்குத் தடுப்பு வைக்கத் தோன்றும். 'மயிரிழை' மட்டும் வேண்டாம், வகுப்பில் உரக்கச் சொல்ல முடியாது.

நாகர்கோவில், தமிழாசிரியர்:
வள்ளுவர் 772-இல் தந்துவிட்டார், 'யானை பிழைத்தவேல்', அதாவது யானைமேல் எறிந்து குறி தப்பிய வேல். குறி தப்புவதும் பிழைத்தல், உயிர் தப்புவதும் பிழைத்தல். ஊறு என்றால் தீங்கு, காயம்; எனவே 'பிழைத்த ஊறு' என்க. விபத்து வடசொல், ஊறு நம்முடையது. 662-இல் வரும் 'ஊறொரால்' (ஊறு வராமல் விலக்குதல்) காயத் தடுப்பு முழுவதற்குமே தலைப்பாகத் தகும்.

பொழியூர்:
ஐயா, இங்கே போட்டில் பாதிப் பேர் மலையாளம் படித்த பையன்கள். 'பிழ' என்றால் அவர்களுக்கு அபராதம். படிவத்தை வாசித்துக் காட்டும்போது அது காதில் விழுந்தால் ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். 'தப்பு' என்றாலும் தொல்லைதான், மலையாளத்தில் தப்புவது என்றால் தேடுவது. நாங்கள் 'ரட்சப்பட்டது' என்போம்.

பழவேற்காடு:
தெலுங்கிலும் தப்பு என்றால் குற்றம். ஆனால் 'தப்பிஞ்சுகோவடம்' என்றால் தப்பித்தல். இரண்டு பொருளும் அங்கேயும் சேர்ந்தே இருக்கின்றன.

நாகர்கோவில், தமிழாசிரியர்:
'ரட்ச' கூடவே கூடாது. தப்பு என்பதன் வேர் 'தபு' என்றே எனக்குத் தோன்றுகிறது. தொல்காப்பியத்தில் மனைவியை இழந்தவன் நிலை 'தபுதாரநிலை'. தபுதல் கெடுதல், அது இரட்டித்துத் தப்பு ஆனபோது, கெடுவதும் கெடாமல் விலகுவதும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன. இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

நித்திரவிளை, பயிற்சி ஆசிரியை:
ஐயா, அவசியம் எழுதுங்கள். நேற்று தூத்தூரில் கேட்டுப் பார்த்தேன். "விபத்து ஏதாவது நடந்ததா?" என்றேன், ஒருவரும் பேசவில்லை. "தப்பினது ஏதாவது உண்டா?" என்றதும் மூன்று பேர் சொன்னார்கள். ஒருவரை அலை அடித்து போட்டின் முன்பக்கமான அணியத்திலிருந்து கடலில் தள்ளியிருக்கிறது. கயிற்றைப் பிடித்து ஏறியிருக்கிறார். லைஃப் ஜாக்கெட் கேபினுக்குள் கிடந்ததாம். "இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்றேன். "அது விபத்து இல்லையே டீச்சர், நான்தான் ஏறிட்டேனே" என்றார்.
இப்படிப்பட்டவரைப் பேச வைப்பதுதான் எனக்கு வேண்டிய சொல். 'தப்பினது' என்றே போடுகிறேன். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'தப்பிய நிகழ்வு'. பொழியூர் போட்டுகளுக்குப் போகும் படிவத்தில் பக்கத்திலேயே 'ரட்சப்பட்டது' என்றும் இருக்கும்.

பழவேற்காடு:
சரி, எனக்கும் 'தப்பினது' போதும்.

நாகர்கோவில், தமிழாசிரியர்:
அச்சு அவசரத்துக்காக விட்டுக்கொடுக்கிறேன். கலைச்சொல் பட்டியலில் 'பிழைத்த ஊறு' என் பெயரில் மாற்றுச்சொல்லாக இருக்கட்டும்.

பொழியூர்:
டீச்சர், இன்னொன்று. அந்தக் கட்டத்துக்குக் கீழே 'யார் கவனக்குறைவு?' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் எந்தச் சொல் போட்டாலும் போட்டை ஓட்டும் ஸ்ராங்குக்குப் பயந்து வெறுமையாகத்தான் திரும்பி வரும்.

நித்திரவிளை, பயிற்சி ஆசிரியை:
எடுத்துவிட்டேன்.