திருவிருந்துச் சீட்டோடு போன வீடுகள்

மூப்பர், 19 ஆண்டுகள்:

போதகரோடு மூப்பர்களும் சேர்ந்து நடத்தும் கிறிஸ்தவச் சபை பிரஸ்பிட்டேரியன் சபை. அதில் மூப்பர் என்றால், அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து நாளில் தட்டை ஏந்தி வரிசை வரிசையாக நடப்பவர் என்றுதான் பலருக்கு நினைப்பு. அது ஆண்டுக்குச் சில காலைகள் மட்டுமே. மற்ற நாட்களில் எங்கள் ஊழியம் அடுத்தவர் வீட்டு வாசலில்தான். எங்கள் சபையில் ஒவ்வொரு மூப்பருக்கும் ஒரு வட்டாரம் உண்டு. எனக்குப் பதினாறு வீடுகள். திருவிருந்துக்கு இரண்டு வாரம் முன்பு அதற்கான அழைப்புச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன்.

பிரஸ்பிட்டேரியன் மரபு வேரூன்றிய ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் சீட்டுக்குப் பதில் ஈய வில்லைகள் இருந்தன. மூப்பர்கள் விசாரித்துத் தகுதியுள்ளவர் என்று ஒப்புக்கொண்டால்தான் வில்லை கிடைக்கும். வில்லை இல்லாதவருக்குத் திருவிருந்து மேசையில் இடமில்லை. இன்று எங்களிடம் அந்த விசாரணை இல்லை. ஆனாலும் சீட்டை நீட்டும்போது சிலர் முகத்தில் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் கலக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாவது வீட்டுப் பெரியவரிடம் அந்தக் கலக்கம் இல்லை. கதவைத் திறப்பார், சீட்டை வாங்குவார், "நன்றி" என்பார், சாத்திக்கொள்வார். கோவிலுக்கு வரமாட்டார். ஆறு ஆண்டுகள் இப்படியே ஓடின. ஒரு நாள் கதவைச் சாத்தாமல் கேட்டார்: "உங்கள் செஷன் குறிப்பேட்டை எப்போதாவது படித்திருக்கிறீர்களா, ஐயா?"

படித்ததில்லை. மூப்பர் மன்றத்தைத்தான் செஷன் என்கிறோம். அவர் ஒரு காலத்தில் சபையின் பொருளாளராக இருந்தவர். ஓர் ஆண்டு கணக்கில் பணம் இடித்தது. 'கணக்கு திருப்தியாக இல்லை. பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று செஷன் எழுதிவைத்தது. மூன்று மாதம் கழித்து, ஒரு பற்றுச்சீட்டு வேறொரு கோப்பில் தவறிக் கிடந்தது தெரிந்தது. எல்லாரும் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். யாரும் எழுதவில்லை. "வாயால் என்னை விட்டுவிட்டீர்கள். புத்தகத்தில் இன்னும் பிடித்துத்தான் வைத்திருக்கிறீர்கள்" என்றார்.

செயலரிடம் கேட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அவர் சொன்ன வரி அப்படியே இருந்தது. ஒருமுறை ஏற்றுக் கையெழுத்திட்ட குறிப்பை அடிக்கவோ கிழிக்கவோ முடியாது. எங்கள் குறிப்பேடுகளை, பல சபைகளுக்கு மேலான மன்றமான பிரஸ்பிட்டரி வாங்கிப் பார்வையிடும். திருத்தம் வேண்டுமானால் புதிய தீர்மானம்தான் வழி. "புதைத்ததை ஏன் தோண்டுகிறீர்கள்?" என்று இரண்டு மூத்தவர்கள் முறைத்தார்கள். கூரை பழுதுக்குக்கூட அவ்வளவு நேரம் வாதாடியதில்லை. ஒரு வழியாகத் தீர்மானம் நிறைவேறியது. பழைய பக்கத்தின் ஓரத்தில் அதன் தேதியையும் குறித்தார்கள். செயலர் கையெழுத்திட்ட நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"என் பெயரில் ஓர் எழுத்து தப்பு" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அதற்கும் ஒரு தீர்மானம் போட்டோம்.

போதகர், மூன்றாவது சபையில்:

மூப்பரின் கதைக்கு முன்னால் என்னுடையது சின்னது. பட்டம் பெற்ற புதிதில் மருத்துவமனையில் ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். இறையியல் கல்லூரியில் படித்த அத்தனையையும் அந்த ஒரே ஜெபத்தில் கொட்டினேன். கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிந்ததா, ஐயா? தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கள்." அதற்குப் பிறகு முதலில் தலையணையைப் பார்க்கிறேன்.

இன்னொன்று. எங்கள் ஒழுங்கில் போதகர் தான் ஊழியம் செய்யும் சபையின் அங்கத்தினர் அல்ல, பிரஸ்பிட்டரியின் அங்கத்தினர். காகிதத்தில் இதைப் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. என் மகன் காய்ச்சலில் கிடந்த வாரம்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. நான் எந்த மூப்பரின் வட்டாரத்திலும் இல்லை! போதகரை யார் சந்திப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்காம் நாள் மாலை கோவிலைப் பெருக்கும் பெண்மணி வந்தார். ஜெபிக்கத் தெரியாது என்றார். விடியும்வரை மகன் பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவியைத் தூங்கவைத்தார். வேதாகமத்தில், யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் நோயாளி மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் யாரையும் வரவழைக்கவில்லை. அவரும் மூப்பர் அல்ல.

பெண் மூப்பர், புதியவர்:

முதல் வட்டாரச் சந்திப்பு. மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மூப்பர் வரவில்லையா?"

"நான்தான்."

"இல்லை, மூப்பர்..."

ஸ்காட்லாந்துத் திருச்சபை பெண்களை மூப்பராக ஏற்றது 1966இல், போதகராக ஏற்றது 1968இல். இதையெல்லாம் வாசலில் நின்று ஒப்பிக்கவா முடியும்? சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை, உள்ளேயும் அழைக்கவில்லை. அவருடைய மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு சீட்டுகளையும் வாங்கினார். பிறகு கணவருக்குக் கேட்காத குரலில், தனக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பதாகவும் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். முன்பிருந்த மூப்பர் நல்லவர்தான், ஆனால் அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றார். மறுநாளே மருத்துவரிடம் சேர்ந்து போனோம். மேற்கொண்டு நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

சாதாரண உறுப்பினர்:

போதகர் இல்லாமல் எங்கள் சபை ஒன்றரை ஆண்டு இருந்தது. எங்களிடம் மேலிருந்து ஒருவரை அனுப்பிவைப்பதில்லை. சபையே தேடி, பிரசங்கம் கேட்டு, வாக்களித்து அழைக்க வேண்டும். பிரஸ்பிட்டரியும் சம்மதிக்க வேண்டும். அதுவரை பக்கத்துச் சபைப் போதகர்தான் செஷனுக்குத் தலைமை தாங்கினார். பிரசங்கங்கள் சுமார்தான். ஆனால் நோயாளி வீட்டுக்கு முறை வைத்துப் போகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். புதிய போதகர் வந்ததும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, பாதிப் பேர் நிறுத்திவிட்டோம்.

ஏழாவது வீட்டுப் பெரியவர் கோவிலுக்கு வந்தாரா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மூப்பர், 19 ஆண்டுகள்:

அடுத்த திருவிருந்துக்கு வரவில்லை. நான் கொஞ்சம் கோபப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தீர்மானம், இன்னும் என்ன வேண்டும் என்று மனைவியிடம் புலம்பினேன். "அவருக்குக் கொடுத்தது கடனா, விலையா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அதற்கடுத்த முறை வந்தார். கடைசி வரிசை, கதவோரம். திராட்சை ரசத் தட்டை அவரிடம் நீட்டும்போது என் கை நடுங்கி ஒரு சிறு கிண்ணம் கவிழ்ந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தார்; பிறகு தனக்கான கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இப்போது சபைக் கணக்கைத் தணிக்கை செய்வது யார்?" என்று கேட்டார்.