கறுத்த வெள்ளி ரூபாய்கள்: முந்தைய பதிவின் புதுப்பிப்பு

பாட்டியின் பெட்டியில் கிடைத்த கறுத்த வெள்ளி நாணயங்களைத் தேய்த்து மெருகேற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தேய்க்காமல் விடுவதென்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் கருமை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளியின் மேல் உண்டாகும் சல்பைடு படலம் என்பதால், புளியோ திருநீறோ இட்டுத் தேய்த்தால் அதனுடன் உலோகத்தின் மேற்பரப்பும் நுண்ணிய எழுத்துகளும் சேர்ந்தே தேய்ந்துபோகும். பிசுக்கு இருந்தவற்றை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பருத்தித் துணியால் ஒற்றியெடுத்தேன்.

அவற்றில் விக்டோரியா மகாராணி காலத்து ரூபாய்கள் உரிய எடையான 11.66 கிராமுக்கு மிக நெருங்கி நிற்கின்றன. என் மனம் முழுவதையும் ஈர்த்திருப்பது பாரசீக எழுத்துகள் கொண்ட ஆற்காடு ரூபாய்தான். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரில், நம் ஆற்காட்டின் பெயரைத் தாங்கி வெளிவந்தாலும், இவ்வகையைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் அச்சிட்டனர். கம்பெனி நாணயத்தில் தாமரையும் பிரெஞ்சு நாணயத்தில் பிறையும் அடையாளமாக இருக்கும். என்னிடமுள்ளதில் தாமரை தெளிவாகத் தெரிகிறது என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

வேலூர் வெயிலில் பி.வி.சி. என்னும் நெகிழி உறைகள் விரைவில் கசிந்து பச்சைப் படிவை உண்டாக்கக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் அமிலமற்ற காகித உறைகளுக்கு மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன்.