ஜெர்மன் ஆபீஸ் காதல் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: 'ஸீ', 'டூ' வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது?

வரிவால்:
பெர்லின் ஆபீஸில் நடக்கும் காதல் காமெடி. நாயகி மேலதிகாரி, நாயகன் அவள் கீழ் வேலை செய்பவன். பாதிப் படம்வரை 'ஸீ' (நீங்கள்) போட்டே பேசுகிறார்கள். ஆபீஸ் பார்ட்டியில் அவள் "வோலன் வியர் உன்ஸ் டூட்சன்?" என்கிறாள், அதாவது இனி 'டூ' (நீ) போட்டுப் பேசலாமா என்று. அங்கிருந்து 'நீ' போட்டால் அவன் மரியாதை கெட்டவனாகத் தெரிகிறான். 'நீங்க' என்றே விட்டால் காட்சி செத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மொழிக்காரன்:
'டூ'வுக்கு நேர் 'நீ' இல்லை. ஜெர்மன் ஆபீஸில் பதவியில் மேலே இருப்பவர்தான் 'டூ'வை முன்வைக்க வேண்டும், கீழே இருப்பவர் ஆரம்பித்தால் அதிகப்பிரசங்கித்தனம். தமிழில் அந்த எடையைத் தாங்குவது 'மேடம்' என்ற சொல். அதைக் கழற்றுங்கள்:

"இன்னும் எதுக்கு மேடம்? பேரைச் சொல்லியே கூப்பிடு."

அதற்கு முன் அவன் பேசும் இடங்களில் 'மேடம்' தாராளமாக விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழற்ற எதுவும் இருக்காது. பார்ட்டிக்குப் பிறகு பெயர் + 'நீங்க'. 'நீ'யை முதல் முத்தத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையில் திரும்பவும் 'ஸீ' வந்தால் நமக்கு யோகம்தான்: "சொல்லுங்க மேடம்" போதும், அந்தக் குத்தல் தமிழனுக்கு விளக்கவே வேண்டாம்.

கோடைமழை:
ஒன்று கவனிக்கவும். பெயர் சொல்லிக்கொண்டே 'ஸீ' போடும் வழக்கமும் உண்டு, 'ஹாம்பர்கர் ஸீ' என்பார்கள். பெயர் வந்ததுமே நெருக்கம் என்று முடிவு கட்டாமல் வினைச்சொல்லைக் கேளுங்கள்: 'ஹாபன் ஸீ'யா, 'ஹாஸ்ட் டூ'வா? ஸ்டார்ட்அப் கதை என்றால் முதல் நாளே எல்லோரும் 'டூ'தான், அங்கே இந்த வித்தை எல்லாம் தேவையில்லை.

பழைய படங்களில் 'ஃப்ராய்லைன்' (மணமாகாத பெண்ணை அழைக்கும் சொல்) வரும். மேற்கு ஜெர்மனி அரசு அலுவல்களில் 1972-இல் அதைக் கைவிட்டார்கள். 1931-இல் வந்த 'டீ பிரிவாட்செக்ரெட்டேரின்' மாதிரி, வங்கி முதலாளி தன்னைச் சாதாரண ஊழியனாகக் காட்டிக்கொண்டு டைப்பிஸ்ட்டிடம் பழகும் கதைக்கு 'மிஸ்' பொருந்தும். உண்மை வெளிப்படும் இடத்தில்தான் அவள் வாயில் முதல் 'சார்' வர வேண்டும்.

வரிவால்:
சரி, மேடத்தைக் கழற்றுகிறேன். ஆனால் வரி 42 எழுத்தைத் தாண்டி சாஃப்ட்வேர் சிவப்பு காட்டுகிறது. மதியம் ஆபீஸில் எதிர்ப்படுபவர்களெல்லாம் "மால்ட்ஸைட்!" (சாப்பாட்டு வேளை) என்கிறார்களே, அதற்கு என்ன போடுவது?

மொழிக்காரன்:
சாஃப்ட்வேர் எண்ணுவது யூனிகோட் குறிகளை, அதாவது கணினி தனித்தனியாகச் சேமிக்கும் எழுத்துத் துண்டுகளை. 'அலுவலகம்' கண்ணுக்கு 6 எழுத்து, அதன் கணக்கில் 8, ஏனென்றால் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. படம் கேட்டு வாங்குபவரின் விதி எதை எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள். அதுவும் குறிகளைத்தான் எண்ணினால் 'அலுவலகம்' போய் 'ஆபீஸ்' வரட்டும், 8 குறி 5 ஆகும். வரியை உடைக்கும்போது பெயரையும் அதன் வினையையும் பிரிக்காதீர்கள்.

"மால்ட்ஸைட்"டுக்கு "சாப்டாச்சா?". இதைவிடப் பொருத்தம் கிடைக்காது, அதுவும் வணக்கம்தான், பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.