சின்னப் பிள்ளைகளும் செல்போன் கேமராவும்: உங்க அனுபவம்?

தேன்சிட்டு:
பள்ளிக்கூடத்துச் சுவரோரம், மழை படாத புழுதியில் எறும்பு பிடிக்கிற குழியானைப் பூச்சியோட குழிகள். எறும்பு உள்ளே விழுந்தா ஏன் ஏற முடியலன்னு மூணாங்கிளாஸ்ல சண்டை. மண்ணு சரியுதுன்னு பாதிப்பேர். என் போனில் ஸ்லோமோஷன் வச்சு எடுத்தோம். ஓட்டிப் பார்த்தா, குழிக்குள்ளிருந்து ஒரு தலை விசுக்குனு நிமிருது, மண் எறும்பு மேல வந்து விழுது. "டீச்சர், அது எறியுது!"ன்னு ஒருத்தன் கத்தினான். அதுவரைக்கும் சந்தோஷம்தான். மறுநாள் எல்லாரும் போனைத்தான் கேட்டாங்க, குழிப்பக்கம் யாரும் குனியல. அதுதான் உறுத்துது.

எருக்கம்பூ:
அதனாலதான் சொல்றேன், முதல்ல கண்ணு, அப்புறம் கேமரா. எருக்கிலையில் இருந்த வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழுவை எங்க பிள்ளைகளைப் பார்த்து வரையச் சொன்னேன். தலைப்பக்கம் ரெண்டு, வால்பக்கம் ரெண்டு கொம்புன்னு வரைஞ்சாங்க. பிறகு போட்டோவைப் பெருசாக்கினோம். நடு முதுகிலும் ஒரு ஜோடி! ஒரு பாப்பா மறுபடி செடிக்கே ஓடிப்போய் எண்ணிட்டு வந்துதான் ரப்பரை எடுத்தா. வரையாம நேரா போட்டோ எடுத்திருந்தா அந்த ஓட்டம் இருந்திருக்காது.

கூடுபார்ப்பவன்:
எங்க தெருவில் சின்னான் கூட்டுக்குள்ள ஒரு பையன் போனை நீட்டினான். தாய்ப்பறவை பறந்து போய், நாங்க விலகுற வரைக்கும் கம்பி மேல கத்திட்டே இருந்துச்சு.
யாரும் கேட்கல, ஆனாலும் சொல்லணும். முட்டையோ குஞ்சோ இருக்கிற கூட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகாதீங்க. படத்துக்காக இலையை விலக்கினா காக்காவுக்கு வழி காட்டுறோம். ஃபிளாஷ் வேண்டாம். கூடு இருக்கும் இடம் தெரியுற படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. பூச்சியை எடுக்கிறப்போ முழங்கையைத் தரையில் ஊன்றச் சொல்லுங்க, படம் ஆடாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வச்சா அளவு தெரியும். பட்டாம்பூச்சின்னா இறக்கையின் மேல்பக்கம், அடிப்பக்கம் ரெண்டும் வேணும், இல்லைன்னா பெயர் கண்டுபிடிக்கிறது கஷ்டம். படத்தை வச்சு உயிரினத்தோட பெயரைச் சொல்ற, ஐநேச்சுரலிஸ்ட்காரங்களோட சீக் ஆப்பில் கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். அது சொல்ற பெயரை அப்படியே நம்பாம புத்தகத்தோட ஒத்துப் பார்க்கணும்.

தேன்சிட்டு:
@எருக்கம்பூ, புழு அசையாம நிக்கும், வரையலாம். குழியானை மண்ணை எறியுற வேகத்தை எந்தக் கண்ணு பிடிக்கும்? அந்த இடத்தில் கேமராதான் முதல்ல வரணும். ஆனா உங்க பாப்பா மாதிரி செடிக்குத் திரும்பி ஓட வைக்கிறது எப்படின்னுதான் யோசிக்கிறேன். நாளைக்கு வீடியோவைப் பாதியில் நிறுத்திட்டு, "அடுத்து எறும்பு எந்தப் பக்கம் போகும், போய்ப் பாருங்க"ன்னு குழிக்கு அனுப்பப்போறேன்.